பேர் ஒட்டாத டப்பா

ஷோனா ஃபிரிட்ஜின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து ஐஸ்கிரீம் டப்பாக்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். முட்டை சாண்ட்விச். இறைச்சி ரோல். மறுபடியும் முட்டை சாண்ட்விச். அடக்கத்துக்கென்று போட்டிருந்த கறுப்புப் பாவாடையில் வெண்ணெய் ஒட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"என்னடி இது, சமையலறையில கடை பரப்பி வச்சிருக்க?" என்று கேட்டபடி நெட்டி அத்தை உள்ளே வந்தாள். ஷோனாவின் இறந்துபோன அப்பா ஆர்ச்சியின் அக்கா. தம்பி செத்த துக்கத்திலும் வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

"அத்தை, இங்க நீல மூடி போட்ட டப்பா ஒண்ணு இருந்துச்சே. கீழ்த்தட்டுல."

"எல்லாமே நீல மூடிதான்."

அதுவும் உண்மைதான். எங்கள் பள்ளத்தாக்கில் ஐஸ்கிரீம் தீர்ந்ததும் டப்பாவைத் தூக்கி எறிகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஆணி, விதை, நாய்க்குச் சோறு எல்லாம் அதில்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த நாளே அத்தனை டப்பாக்களும் பலகாரத்தோடு அந்த வீட்டுக்கு வந்து சேரும். யாருடையது என்று தெரிய அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருக்கும். ஆர்ச்சிக்கு மட்டும் அந்தப் பழக்கமே கிடையாது.

"உள்ள புல்லு இருக்கும் அத்தை. அப்பாவோட வெட்டுக்கிளி."

நெட்டி அத்தையின் கை சாவிக்கொத்தில் நின்றது. "ஐயோ, அதுவா? திறந்து பாக்கலையேடி. பேர் ஒட்டாத டப்பா எல்லாம் உபரின்னு நெனச்சு ஃப்ரீசர்ல போட்டுட்டேன்."

"எப்போ?"

"பாதிரியார் வந்தப்போ."

பாதிரியார் வந்து போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். ஷோனா எழுந்து ஃப்ரீசர் பக்கம் போனாள்.

ஆர்ச்சி பனிச்சறுக்கு மலைக்குப் போகும் சரளைச் சாலையில் கிரேடர் வண்டி ஓட்டியவர். ஒவ்வொரு வருஷமும் பனி விழுவதற்கு முன்னால் சாலையைச் செதுக்கிச் சமன்செய்து கொடுக்க வேண்டும். அந்த உயரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெட்டுக்கிளி இருக்கிறது. இறக்கை என்று பேருக்கு ஒரு துணுக்குதான், பறக்க வராது. வெயிலுக்குச் சாலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்லோடு கல்லாக இருக்கிறோம், யார் கண்ணுக்கும் தெரியமாட்டோம் என்று அதற்கு அப்படி ஒரு நம்பிக்கை. கிரேடரின் இரும்புப் பட்டை தலைக்கு நேரே வந்தாலும் அசையாது. அதனால் ஆர்ச்சி கொஞ்ச தூரத்துக்கொரு தரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். டப்பாவோடு முன்னால் குனிந்து நடப்பார், பொறுக்குவார், சாலை வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விடுவார். கூட வேலை பார்த்தவர்கள், "உன் பயணிங்க எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், ஆனால் ஒருநாளும் இறங்காமல் இருந்ததில்லை.

இந்தத் தடவை டப்பா கையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே கொண்டுவந்தவர்கள் டப்பாவையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். குளிரில் இருந்தால்தான் தாங்கும் என்று ஷோனா அதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துப் படுத்தவர், கடைசி சாயங்காலம் மகளைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"தெக்குக் காத்து பனியைக் கொண்டுவர்றதுக்குள்ள அதுங்களைக் கொண்டுபோய் விட்டுரு. கிரேடர் நிக்கிற வளைவுலயே விடு. வேற எடத்துல பொழைக்காது."

"சரிப்பா, நாளைக்கு" என்றாள் ஷோனா. விடிந்து பார்த்தபோது அவர் கை சில்லிட்டுக் கிடந்தது. அவள் அந்தக் கையைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி கிரெய்க் வந்து தோளைப் பிடித்து இழுக்கும்வரை விடவில்லை.

இப்போது ஃப்ரீசருக்குள் ரொட்டிகளுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். புல்லின் மேல் உறைபனி. வெட்டுக்கிளிகள் காலை மடக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டாள். கூழாங்கல் மாதிரி உருண்டது.

பின்னாலேயே கிரெய்க் கோட்டும் டையுமாக வந்து நின்றான். "அக்கா, ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. என்ன பண்ற இங்க?"

"மேல போகணும். இப்பவே."

"பைத்தியமா உனக்கு? ரெண்டு மணிக்கு அடக்கம். பூச்சிக்காக அப்பாவைக் காக்க வைப்பியா?"

"சரின்னு சொன்னேண்டா அவர்கிட்ட."

"அதுதான் செத்துப்போச்சே!"

"மலையில உறைஞ்சு உறைஞ்சு எழுந்திரிக்கும்னு அப்பா சொல்வாரு. செத்திருந்தாலும் அதுங்க எடத்துல கொண்டுபோய்ப் போடுறேன். வண்டிச் சாவியைக் கொடு."

கிரெய்க் ஜன்னல் வழியாகத் தெற்கே பார்த்தான். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கருத்துத் திரண்டு நின்றது. சாயங்காலத்துக்குள் சாலையைப் பனி மூடிவிடும். நெட்டி அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, "போயிட்டு வாங்க ரெண்டு பேரும். அவன் எங்க போகப்போறான், இங்கதான படுத்திருக்கான்" என்றாள். சொல்லிவிட்டுத் தானே அழுதாள்.

"ஏறு" என்றான் கிரெய்க்.

மலைச்சாலையில் பிக்கப் வண்டி குலுங்கியது. கிரெய்க் ஹீட்டரைப் போட்டான். திடீரென்று சூடு பட்டால் என்ன ஆகுமோ என்று ஷோனா அதை அணைத்தாள். அவன் எரிச்சலோடு மறுபடியும் போட்டான், அவள் மறுபடியும் அணைத்தாள். குளிரில் இருவருக்கும் பல் தந்தியடித்தது. மடியில் இருந்த டப்பாவை அவள் திறந்து திறந்து பார்த்தாள்.

"பாத்துக்கிட்டே இருந்தா எழுந்திரிச்சிருமா?"

"நீ சாலையைப் பாருடா."

வளைவில் கிரேடர் பட்டையைத் தூக்கியபடி நின்றது. அதற்குப் பின்னால் சாலை வழுவழுப்பாக இருந்தது, முன்னால் பழைய பள்ளமும் மேடும். அப்பா எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது அப்படியே தெரிந்தது.

மேகம் இன்னும் வெயிலைத் தொடவில்லை. ஷோனா சரிவில் இறங்கி, வெதுவெதுப்பான கற்களாகப் பார்த்து ஒவ்வொரு வெட்டுக்கிளியாக வைத்தாள். ஒன்றும் அசையவில்லை. கிரெய்க் கடிகாரத்தைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான். காற்று திரும்பியது. முகத்தில் அறைந்த குளிரில் பனியின் வாசனை இருந்தது.

"அக்கா, போதும். வா."

கடைசி ஒன்று கையிலேயே இருந்தது. அவள் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு உள்ளே ஊதினாள். கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தாள். ஊதினாள். கிரெய்க்கால் அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, வேண்டாம்கா..."

உள்ளங்கையில் ஏதோ உதைத்தது.

ஷோனா கையைத் திறக்கவில்லை. மறுபடியும் உதைத்தது, இந்தத் தடவை பலமாக. "கிரெய்க்" என்று மட்டும் சொன்னாள். அவன் பக்கத்தில் வந்து குனிந்தான். கையை விரித்ததும் அது குதித்து ஒரு கல்லில் விழுந்து, அங்கேயே கல்லோடு கல்லாகிவிட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று காலை நீட்டியிருந்தது. மற்றவை வைத்தபடியே கிடந்தன. காத்திருக்க நேரமில்லை. காலி டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் மேலே ஏறினாள்.

கிரெய்க் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்திருந்தான். "நீ ஓட்டு."

"நேரமாச்சுடா. நீதான் வேகமா போவ."

அவன் கதவை விடவில்லை. அவள் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள். முதல் பனித்துகள்கள் கண்ணாடியில் விழுந்தன. கிரெய்க் டையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனான். பாலிஷ் போட்ட ஷூ சரளையில் புதைய, இடுப்பை வளைத்து, சாலையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஓரிடத்தில் எதையோ எடுத்து ஓரமாக விட்டான்.

"வா" என்று கையைக் காட்டினான். "மெதுவா வா."