ஓசியாவுக்குத் தாழ்ப்பாள்

“சபை என்ன சொல்லும்னு கொஞ்சமாவது...”

“சபையா மழையில நனையுது? நனையறது உங்க கூடப் பொறந்தவ!”

“என்னைப் பேச விடு...”

“பேசத்தான் விட்டிருக்கேனே, கல்யாணம் ஆன நாள்லேருந்து!”

போதகரின் மனைவி இஸ்திரிப் பெட்டியை வெள்ளை அங்கியின் கைமேல் வைத்து அழுத்தினாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் அங்கி தேய்ப்பாள். அவர் மறுநாள் பிரசங்கத்தை அவளிடம் ஒப்பிப்பார். குரல் எங்கே தழுதழுக்க வேண்டும், கைக்குட்டை எப்போது வெளியே வர வேண்டும் என்பதெல்லாம் இந்த மேஜையருகேதான் முடிவாகும். இன்றைக்குக் கேட்க இன்னோர் ஆளும் உண்டு. போன வருஷம் ஒரு லாரி டிரைவரோடு சொல்லாமல் கொள்ளாமல் போன அவர் தங்கை, ஒற்றைப் பையோடு திரும்பி வந்து, தாழ் போட்ட கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

“சரி, நாளைக்கு யாரு?”

“ஓசியா தீர்க்கதரிசி.”

“ஆளைப் பார்த்துத்தான் பிடிச்சிருக்கீங்க. சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பிரியமானவர்களே! ஓடிப்போன மனைவியை ஊரே காறித் துப்பியது. ஓசியாவோ வெள்ளியும் வாற்கோதுமையும் கொடுத்து அவளை வீட்டுக்கு மீட்டு வந்தார். விலகிப்போன ஜனத்தைக் கடவுளும் அப்படித்தான் நேசிக்கிறார்...”

சொல்லி வைத்தாற்போல் கண் கலங்கியது.

“அழுகை பிரமாதம். போன வாரம் இவ்வளவு தண்ணி வரல” என்றாள். “அந்த மனுஷன் கைப்பொருளைக் கொடுத்துக் கூட்டியாந்தாரு. உங்களுக்கு ஒரு தாழ்ப்பாளைத் தள்ளக் கை வரலையாக்கும்!”

“அவருக்குக் கடவுளே நேர்ல சொன்னாரு.”

“உங்களுக்குத்தான் அதை எழுதியே வெச்சிருக்காரே. வாரா வாரம் வாசிக்கிறீங்க, உங்களுக்கு மட்டும் எழுத்து தெரியலையா?”

“எம்பேரு கெட்டுப்போயிடும்டி.”

“கெட்டுப்போறதுக்கு முதல்ல ஒண்ணு இருக்கணும்ல?”

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவள் கதவை நோக்கி நடந்தாள். அவர் முந்திக்கொண்டு ஓடி, கதவில் முதுகைச் சாத்தி நின்றார். பதற்றத்திலும் பிரசங்கத் தாள் கசங்காமல் பார்த்துக்கொண்ட சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். அவள் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். ஆள் அசையவில்லை.

மழை வலுத்தது. அவர் முதுகுக்குப் பின்னால், கதவோடு ஒட்டினாற்போல் ஒரு குரல் கேட்டது.

“அண்ணே, கடவுள் நேசிக்கிறாருன்னு ஏதோ சொன்னியே, அந்த இடத்தை இன்னொரு தரம் சத்தமா சொல்லு. மழையில சரியா காதுல விழல.”