மிஷின் ஓடினால் சாப்பிடும் குஞ்சு

தையல்காரம்மாவின் சின்ன மகளுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் எங்காவது தையல் மிஷின் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், பன்னிரண்டு வயதுக்குப் போய் நின்றுகொள்வாள். அம்மாவின் மிஷினுக்கு அடியில் அவள் ஒரு வாத்து முட்டையைப் பொரிக்க வைத்த வயது அது.

அந்த முட்டை பக்கத்து வீட்டுப் பால்காரம்மாவுடையது. முட்டை இட்ட வாத்தை மறுநாளே நாய் தூக்கிப்போய்விட்டது. "ஆம்லெட் போட்டுக்கோடி" என்றுதான் அவள் கொடுத்தாள். சின்னவளுக்கு மனசு வரவில்லை. துண்டுத்துணிக் கூடையில் முட்டையை வைத்து, குண்டு பல்பைத் தாழ இறக்கிக் கட்டி, இருபத்தெட்டு நாள் நேரம் தவறாமல் புரட்டிவிட்டாள்.

"அடைக்கோழி, சாப்பிட வாடி" என்று அக்கா கேலி செய்தாள்.

கடைசியில் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்ததைக் குஞ்சு என்று சொல்லவே யோசிக்க வேண்டியிருந்தது. நனைந்த பஞ்சு மாதிரி கிடந்தது. தலை நிற்கவில்லை. பால்காரம்மா குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தண்ணி குடிச்சுட்டா பொழச்சுக்கும். இல்லன்னா மனசத் தேத்திக்கோ."

அவள் போனதும் அம்மா எழுந்து மிஷின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பொறந்தப்ப நாப்பது நாள் நான் இதைத் தொடல. பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல சத்தம் ஆகாது."

அவ்வளவுதான், வீடே வாயை மூடிக்கொண்டது. அக்கா நுனிக்காலில் நடந்தாள். கதவிடுக்கில் துணி செருகினார்கள். சின்னவள் அவித்த மஞ்சள் கருவைத் தண்ணீரில் குழைத்து விரல் நுனியில் நீட்டியபடி கூடை பக்கத்திலேயே கிடந்தாள். குஞ்சு வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் அவ்வப்போது முனகியது. மறுநாள் மதியம் அதுவும் நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் ஒருவர் வந்து நின்றார். பஸ்ஸில் மாட்டி, புடவை முந்தானையின் ஓரம் கிழிந்து தொங்கியது. அம்மா போர்வையை விலக்கினாள்.

"வேணாம்மா, செத்துடும்மா!"

"ஒரே ஒரு தையல்டி. பாவம், அவங்க எப்படித் தெருவுல நடப்பாங்க?"

மிஷின் கடகடவென்று ஓடியது. கூடைக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு "கீச்". அம்மா மிதியை நிறுத்தினாள். கூடையும் அடங்கியது.

சின்னவள் தலையை நிமிர்த்தினாள். "அம்மா, இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினாள். "கீச், கீச்." குஞ்சு ஆடி ஆடித் தலையைத் தூக்கி மிஷின் இருந்த பக்கம் திருப்பியது.

"அடிப்பாவி மகளே!" அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இருபத்தெட்டு நாளும் இந்தச் சத்தத்துக்கு அடியிலதானே கெடந்துச்சு. இதத்தான் ஆத்தான்னு நெனச்சிருக்கு. ஆத்தா வாயை நானே கட்டிப்போட்டுட்டேனே!"

அவள் நூலை உருவினாள், ஊசியைக் கழற்றினாள், வெறும் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். சின்னவள் விரலை நீட்டினாள். சின்ன அலகு விரல் நுனியைத் தொட்டது. ஒரு முறை, இன்னொரு முறை. மிதி நின்றால் அலகும் நின்றது. அம்மாவுக்குக் கால் ஓய்ந்தபோது அக்கா உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எங்களுக்கும் இப்படி மிஷின் ஓட்டித்தான் சோறு ஊட்டுனியா?"

"உங்களுக்கா? மிஷின நிறுத்திட்டு ஓடி வந்தாத்தானே உங்களுக்குச் சோறு எறங்கும்!"

டீச்சர் தன் முந்தானையை மறந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் இறங்கும் நேரத்தில், சின்னவள் வைத்த பாட்டில் மூடிக்குள் குஞ்சு அலகை நனைத்து, தலையை அண்ணாந்து தண்ணீரை விழுங்கியது. பால்காரம்மாவைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டு அக்கா போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அம்மா ஊசியை மறுபடி மாட்டி ஓரத்தைத் தைத்துக் கொடுத்ததும் டீச்சர் போனார். வயிறு நிறைந்த குஞ்சு சின்னவளின் உள்ளங்கையில் கண்ணை மூடியது. அம்மாவின் கால் மட்டும் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தது.

"தூங்கிடுச்சும்மா, போதும்."

"தெரியும்டி" என்றாள் அம்மா, காலை நிறுத்தாமல். "எனக்குத்தான் நிறுத்த மனசு வரல."