ஒரு சைக்கிள், இரண்டு வாக்குமூலம்

தட்டச்சு செய்துகொண்டிருந்த போலீஸ்காரர் கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்போது தம்பியிடம் அவர் என்ன சொன்னார்?" என்று ஜெர்மனில் கேட்டார். சாதாரணமான கேள்விதான். தமிழை ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சொல்லத்தான் என்னை அங்கே அழைத்திருந்தார்கள். ஆனால் எனக்கு உடனே நாக்கு எழவில்லை.

1986 டிசம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஜெர்மனியின் பான் நகரிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் வரும் ஒரு கிராமத்தின் காவல் நிலையம். மேஜைக்கு இந்தப் பக்கம் நித்தியானந்தனும் அவர் தம்பி யோகலிங்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்கு இருபத்தேழு, தம்பிக்கு இருபது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே, மூடிப்போன ஒரு பழைய விடுதியில் அகதிகளைத் தங்கவைத்திருந்தார்கள். 'ஹைம்' என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் சகோதரர்களுக்கு ஓர் அறை. நிலவறையில் சாமான் வைக்க மரச்சட்டம் அடித்த ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புக்குள், பழைய சாக்குகளுக்கு அடியில், ஒரு பச்சை நிறப் பெண்கள் சைக்கிளை ஹைமின் காவலாளி வியாழக்கிழமை கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சுவரோரம் காணாமல் போன சைக்கிள். அதன் சொந்தக்காரி ஹெல்லர் அம்மாள், ஜெர்மன் வழக்கில் ஃப்ராவ் ஹெல்லர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தொப்பியைக் கழற்றாமல் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் வணக்கம் சொன்னபோது அவர் திருப்பிச் சொல்லவில்லை.

சைக்கிள் சின்ன விஷயம். ஆனால் திருட்டு வழக்கு சின்ன விஷயம் அல்ல. இரண்டு பேருடைய அகதி விண்ணப்பமும் முடிவாகாமல் கிடந்தது. 'அன்ட்ராக்' என்ற அந்த ஜெர்மன் சொல்லை ஹைமில் இருந்தவர்கள் கோவிலில் சாமி பெயரைச் சொல்வதுபோலத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். அதன் மேல் திருட்டு என்று ஒரு வரி விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனாலேயே பயம் அதிகமாக இருந்தது.

சைக்கிளை எடுத்தது யார் என்ற கேள்விக்குத் தம்பி பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அண்ணன் முந்திக்கொண்டார். தலையைத் திருப்பாமல், மேஜையைப் பார்த்தபடி, "தம்பி, நீ வாய் திறக்காதை. நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லப்போறன்" என்றார்.

அதைத்தான் போலீஸ்காரர் என்னிடம் கேட்டார்.

நான் அப்போது பான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மன்னார்குடியில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் ஜெர்மனிக்கு வந்து சீனத்துக் கன்பூசியஸைப் படிப்பானேன் என்று கேட்காதவர்கள் இல்லை. மனிதன் பிறக்கும்போதே நல்லவனா, அல்லது பயிற்சியாலும் முறைமைகளாலும் நல்லவனாக ஆக்கப்படுகிறானா என்று அவர் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். இரண்டாவது கட்சிதான் சரி என்று நிறுவுவது என் ஆய்வேட்டின் நோக்கம். மூன்று அத்தியாயம் தடையில்லாமல் வந்தது. நான்காவதில், தகப்பன் குற்றம் செய்தால் மகன் அதை வெளியே சொல்ல வேண்டுமா என்ற கேள்வியில், எட்டு மாதமாக நின்றுபோயிருந்தேன். ஒருவரை ஒருவர் மறைத்துக் காப்பதிலும் ஒரு நேர்மை இருக்கிறது என்பது கன்பூசியஸின் நிலை. ஒழுக்கத்தை இத்தனை வலியுறுத்திய ஒருவர் இப்படிச் சொல்லலாமா என்று எனக்குக் கோபமே வந்தது. அந்த அத்தியாயத்தை எட்டு விதமாக எழுதிக் கிழித்தேன்.

கோபத்துக்குக் காரணம் சீனத்தில் இல்லை, மன்னார்குடியில் இருந்தது. என் அப்பா கிருஷ்ணமூர்த்தி தலைமை ஆசிரியர். என் அண்ணன் அசோகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பொதுத் தேர்வு எழுதப் போன காலையில், சட்டைக் கை மடிப்புக்குள் ஒரு துண்டுத்தாளை வைத்துத் தைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். எனக்குப் பதினைந்து வயது. அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அப்பா கேட்டார், சொன்னேன். அப்பா தானே தேர்வு அறைக்குப் போய்ப் பிடித்துக் கொடுத்தார். ஊரே அவரைக் கொண்டாடியது. "அப்பாவுக்கு ஏத்த பொண்ணு" என்று என்னையும் சொன்னார்கள். அண்ணன் அந்த வருடமே பம்பாய்க்குப் போனான். அம்மா செத்ததற்கு வந்து, காரியம் முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். செய்தது சரி என்பதில் பதினாலு வருடம் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அல்லது, வரவிட்டதில்லை.

"என்ன சொன்னார்?" போலீஸ்காரர் மறுபடி கேட்டார்.

"பயப்படாதே என்று தம்பிக்குச் சொல்கிறார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. நித்தியானந்தன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, போலீஸ்காரரிடம் திரும்பி, "நான்தான் எடுத்தனான். தம்பிக்கு ஒண்டும் தெரியாது" என்றார். இதை அப்படியே மொழிபெயர்த்தேன். தட்டச்சுப் பொறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஆனால் யோகலிங்கம் எழுந்து நின்றுவிட்டான்.

"இல்லை. அண்ணை பொய் சொல்லுறார். எடுத்தது நான்."

"இருடா!"

"ஏலாது அண்ணை. நீங்கள் ஏன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவேணும்? அக்கா, எடுத்தது நான்தான் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

அண்ணன் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உதறினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து "நான்தான், நான்தான்" என்றார்கள். சிறு பிள்ளைகள் தின்பண்டத்துக்குச் சண்டை பிடிப்பதுபோல ஒரு குற்றத்துக்கு அடித்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் காகிதத்தைப் பொறியிலிருந்து உருவினார். "ஒரு சைக்கிள்தான் காணாமல் போனது. எனக்கு ஒரு ஆள் போதும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

"யோகலிங்கம், உட்காருங்க. ஏன் எடுத்தீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன். அப்படிக் கேட்பது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹைமில் இருந்த கலாதேவி என்ற பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டுவிட்டது. கணவர் இன்னும் கொழும்பில் இருந்தார். இங்கே அவள் தனி. நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காவலாளிக்கு அன்று லீவு, அலுவலக அறையைப் பூட்டியிருந்தார், போனும் அதற்குள். நித்தியானந்தன் வெந்நீர் வைக்க, மற்றப் பெண்கள் கலாதேவியைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆம்புலன்ஸைக் கூப்பிட யோகலிங்கம் கீழே ஓடினான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெருமுனைப் போன் பெட்டியிலிருந்துதான் கூப்பிட்டான் என்று அண்ணன் உட்பட எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அது பழுது அக்கா. காதிலை வைச்சால் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக் கதவுகளைத் தட்டினன், ஒருத்தரும் இல்லை, எல்லாரும் கோயிலுக்குள்ளை. உள்ளுக்குப் போய்க் கேட்க எனக்குப் பாசை தெரியாது. கலாதேவி அக்கா கத்தினது காதுக்குள்ளையே நிண்டுது. சுவரிலை சைக்கிள் சாத்தியிருந்துது, பூட்டில்லை. எடுத்தன். யோசிக்கேல்லை. அடுத்த ஊரிலை ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருந்துது. போய் வயித்தைக் காட்டி 'கிண்ட், கிண்ட்' எண்டு கத்தினன். அவைதான் ஆம்புலன்சுக்குப் போன் அடிச்சினம்."

கிண்ட் என்றால் ஜெர்மனில் குழந்தை. அந்த ஒரு சொல்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தேன். போலீஸ்காரர் தட்டச்சு செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிறகேன் திருப்பிக் குடுக்கேல்லை?" என்று கேட்டது நித்தியானந்தன்தான். அதையும் மொழிபெயர்த்தேன்.

"குடுக்கத்தான் போனனான் அண்ணை. கோயிலடியிலை பொலிஸ் கார் நிண்டுது. பயந்திட்டன். நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டிட்டன். உங்களுக்குச் சொன்னாலும் நீங்கள் அன்ட்ராக்கை நினைச்சு நித்திரை கொள்ளமாட்டியள்." அவன் அழுதான். அண்ணன் அவனை அடிக்கப்போகிறவர்போலக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே அவன் பிடரியைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பிறகு ஃப்ராவ் ஹெல்லர் எழுந்து மேஜைக்கு வந்தார். என்னைப் பார்த்து, "குழந்தை?" என்றார்.

"பெண் குழந்தை. நலமாக இருக்கிறது. தாயும்."

அவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். "என் புகாரில் என்ன எழுதியிருக்கிறது?"

"திருட்டு."

"அது தப்பான சொல். முப்பத்தொரு வருடம் நகராட்சியில் தட்டச்சு செய்தவள் நான், தப்பான சொல்லுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கக்கூடாது. மாற்றுங்கள்."

"வேறு என்ன எழுதுவது? படிவத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை."

"அப்படியானால் படிவத்தையே கிழியுங்கள். நான் புகார் கொடுக்கவில்லை." பிறகு யோகலிங்கத்தைப் பார்த்து, கோபம் குறையாமலே சொன்னார்: "நீ கேட்டிருக்க வேண்டும். திருப்பியும் தந்திருக்க வேண்டும். ஐந்து நாள் நடந்தே கடைக்குப் போனேன், எனக்கு முழங்கால் வலி. அதற்கு நீ மன்னிப்புக் கேள். ஆனால் நீ திருடன் இல்லை."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. யோகலிங்கம் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டான். அந்த அம்மாள் அந்தக் கும்பிட்ட கைகளை என்ன செய்வது என்று தெரியாமல், மொத்தமாகச் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார்.

போலீஸ்காரர் படிவத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, புகார் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதி, ஃப்ராவ் ஹெல்லரிடம் கையெழுத்து வாங்கினார். அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் நித்தியானந்தன் என்னைத் தனியாக நிறுத்தினார். "அக்கா, நான் தம்பிக்குச் சொன்னதை நீங்கள் அவருக்குச் சொல்லேல்லை. எனக்குக் கொஞ்சம் டொச் பாசை விளங்கும்."

நான் தலை குனிந்தேன். "தப்புதான். நான் அப்படிச் செஞ்சிருக்கக்கூடாது, நித்தியானந்தன்."

"தப்போ சரியோ எனக்குத் தெரியேல்லை. எங்கடை ஆக்களெண்டு ஒருத்தர் பக்கத்திலை இருக்கிறமாதிரி இருந்துது. அதுக்குத்தான், பெரிய உபகாரம்."

பஸ்ஸில் திரும்பும்போது ஆய்வேட்டைப் பற்றித்தான் யோசிக்க முயன்றேன். அண்ணன் மறைத்தான், தம்பி சொன்னான். இதில் யார் நேர்மையானவன்? இருவரும்தான் என்று தோன்றியது. அந்தச் சுவரோரம் கலாதேவிக்காகச் சைக்கிளைப் பிடித்த கைக்கு யார் பயிற்சி கொடுத்தது? எந்த முறைமை? என் மூன்று அத்தியாயத்திலும் அதற்குப் பதில் இல்லை. அது எனக்கு வருத்தமாகவும் இல்லை. அடுத்த வாரம் பேராசிரியரிடம் போய், என் முடிவு தப்பாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், மறுபடி தொடங்க வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒருவழியாக உனக்கே தோன்றிவிட்டது" என்றார்.

என் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கன்பூசியஸைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்குக் காலையில் அப்பா கேட்டபோது, தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம், அண்ணா, என்று மட்டும் எழுதினேன். மார்ச்சில் பதில் வந்தது. பம்பாயில் வெயில் தொடங்கிவிட்டது, மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நாலு வரி. கடைசியில், 'உனக்கு எப்ப லீவு?' அந்தக் கேள்வியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதற்கு முன்னால், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், குழந்தையைப் பார்க்க ஹைமுக்குப் போனேன். பல வருடங்களில் காணாத குளிர் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் ஃப்ராவ் ஹெல்லர் தொப்பியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சீனி அதிகம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாவது கோப்பைக்கு நீட்டினார். எதிரே யோகலிங்கம் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் ஜெர்மன் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருந்தான். குழந்தை நித்தியானந்தனின் தோளில் தூங்கியது.

கலாதேவி பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். காலையில் கொடியில் போட்ட குழந்தைத் துணிகளைக் கை நிறைய எடுத்து வந்திருந்தாள். எல்லாம் உறைந்துபோய்ப் பலகைபோல விறைத்திருந்தன. "அக்கா, இஞ்சை பாருங்கோ கூத்தை" என்று சிரித்தபடி, அவற்றை ஒவ்வொன்றாக அடுப்பைச் சுற்றிச் சுவரில் நிறுத்திவைத்தாள். நின்றன. வந்த விருந்தாளிகளைப்போல வரிசையாக நின்றன. நாங்கள் எல்லோரும் பேச்சை விட்டுவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த முதல் துணியின் ஒரு மூலை மெதுவாக மடிந்தது. பிறகு அதற்கு அடுத்தது.