மேட்டு வீடுகளின் கரண்ட்

புயலில் மரங்கள் சாய்ந்து மின்கம்பங்கள் முறிந்ததிலிருந்து அட்டுவம்பட்டி மேட்டு வீடுகளுக்கு இரண்டு ஜெனரேட்டர்கள்தான் கரண்ட் கொடுத்தன. ஒன்று காட்டேஜ் முதலாளி ஞானவேலுடையது. மற்றது விசேஷங்களுக்குப் பந்தல் வாடகைக்கு விடும் ராக்காயியுடையது. மலைப்பாதை சரிந்து டீசல் விலை ஏறியபோதும் இருவரும் கட்டணத்தைக் கொஞ்சம்தான் கூட்டினார்கள். அதிகம் கேட்டால் ஆட்கள் மற்றவரிடம் போய்விடுவார்களே.

ஆக்ஸிலியா டீச்சர் ராக்காயியிடம் வயர் இழுத்திருந்தாள். அவள் கணவன் ஆண்டனிக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு.

ஒரு நாள் காலையில் மெஷின் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டிவிட்டு ஓடினாள். ராக்காயி ஜெனரேட்டரைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தாள்.

"கட்டுப்படியாகல டீச்சரம்மா. கைக்காசு போட்டுல்ல ஓட்டிக்கிட்டு கெடந்தேன்."

அன்றே எல்லோரும் ஞானவேலிடம் மாறினார்கள். அடுத்த வாரமே அவன் கட்டணத்தை இரட்டிப்பாக்கினான். பாதை திறந்து டீசல் விலை இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. ஆக்ஸிலியா போய்க் கேட்டாள்.

"வேணாம்னா சொல்லுங்க டீச்சர், வயரைக் கழட்டிர்றேன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. ஜெனரேட்டர் சத்தம் லேசாகத் தேய்ந்தாலும் எழுந்துபோய் மெஷினைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட மல்லுக்கு நிக்காத, ஆக்ஸி" என்றான் ஆண்டனி, மூச்சு வாங்க.

அவள் ராக்காயியிடம் போனாள். "டீசல் எறங்கிருச்சேக்கா, மறுபடி ஓட்டுங்க."

"ஓட்டுனா அவன் வெலையக் கொறைப்பான். எல்லாரும் அங்கிட்டு ஓடிருவீங்க. நான் மூடிருவேன். அவன் திரும்ப ஏத்துவான்."

அன்று மாலை ஆக்ஸிலியா வீடு வீடாக ஏறினாள். ராக்காயி மறுபடி ஓட்டினால் அவளிடம் வருவது, ஞானவேல் கட்டணத்தைக் குறைத்தாலும் அவளை விட்டுப் போவதில்லை என்று வாக்குக் கேட்டாள். பலர் தலையாட்டினார்கள். யாரோ ஞானவேலிடமும் சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பியபோது வயர் வெட்டப்பட்டிருந்தது. ஆண்டனியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

சிலிண்டரை மாட்டித் திருகினாள். அதன் அளவு காட்டும் முள் அடிமட்டத்தில் நின்றது. கழற்றாமல் கிடந்த ராக்காயியின் பழைய வயருக்கு இணைப்பை மாற்றிவிட்டு, அவளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வெரசா!"

கிடப்பில் கிடந்த இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி இருமியது. ஆக்ஸிலியா ஆண்டனியின் கையை இறுக்கிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். சிலிண்டரின் சீறல் அடங்கிக்கொண்டிருந்தபோது பல்பு எரிந்தது, மெஷின் உறுமியது.

மறுநாளே ஞானவேல் கட்டணத்தைப் பாதியாக்கினான். வாக்குக் கொடுத்தவர்களில் இரண்டு வீடுகள் அவனிடமே தங்கிவிட்டன. மற்றவர்கள் சொன்னபடி ராக்காயியிடம் மாறினார்கள். ராக்காயி, டீசல் இறங்கிய அளவுக்குத் தானும் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டினாள்.

ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ஆக்ஸிலியா எதிர் வீடுகளைப் பயத்தோடு பார்த்தாள். அடுத்து யார் மாறுவார்களோ?