பதினோரு மைல் சாலையும் அமைச்சரின் வாக்கும்

முட்டையைப் பொத்திப் பிடித்த கையை உச்சியில் செதுக்கிய என் பொற்கோலின் மீது ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எங்கள் ஊர்க்காரர் க்வாக்யேயைப் போல ஓர் அமைச்சரை நாடு கண்டதில்லை. மின்சாரத் துறையில் இருந்தபோது அவர் நட்ட கம்பங்களில் இன்றைக்கும் வள்ளிக்கொடி தழைத்துப் படர்கிறது. கம்பி ஒன்றுதான் பாக்கி. பிறகு சாலைத் துறை. ஆற்றங்கரைவரை பதினோரு மைல் சாலையைத் திறந்துவைத்தார். அவர் நாடா வெட்டிய அழகில், நாடாவுக்குப் பின்னால் சாலை இருக்கிறதா என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கேயே அவரை ஊரின் வளர்ச்சித் தலைவராக்கிக் குடை பிடித்தோம்.

ஒன்பது வருஷம் கழித்து, சாலைப் பணம் எங்கே என்று விசாரிக்க தலைநகர் அக்ராவிலிருந்து நீதிபதி டெடே அம்மாள் வந்து அரண்மனை முற்றத்தில் அமர்ந்தார். மாட்டினால் பதவி போகும், சிறையும் உண்டு. அமைச்சர் அசரவில்லை. கென்டே துணியைத் தோளில் சரித்தபடி குடையின் கீழ் வந்தார். உட்காருமுன் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

"இங்க நான் அமைச்சர் இல்லம்மா, 'நானா', அதாவது தலைவன். தலைவன் சபையில பேசக் கூடாது. என் ஒச்சாமே சொல்றதுதான் என் வாக்கு. அதை மாத்த எனக்கே உரிமை கிடையாது."

அந்த ஒச்சாமே நான். தலைவர் காதில் சொல்வதை மெருகேற்றிச் சபைக்குச் சொல்கிறவன். தன் வாயால் சொல்லாத பொய்க்குத் தண்டனை இல்லை என்பது அவர் நினைப்பு. என்ன மூளை!

"ரோடு எங்க?" என்றார் நீதிபதி.

அமைச்சர் என் இடது காதோரம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"நானா சொல்றாரு: மழைக்கு முந்தி தார் போட்டா கரைஞ்சிரும், பிந்திப் போட்டா காயாது. நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஒம்போது வருஷமாவா?" என்று கத்தினாள் மீன்காரி எசி. "யோவ் ஒச்சாமே, உன் நாக்கு நீளத்துக்குத் தார் பூசியிருந்தாலே ரோடு முடிஞ்சிருக்கும்யா!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சுத்தி வளைக்காதீங்க. பணத்தை எடுத்தாரா, இல்லையா?"

இந்தத் தடவை அமைச்சர் நெடுநேரம் கிசுகிசுத்தார். உதட்டில் புன்னகை. அப்பேர்ப்பட்ட வாக்கைப் புன்னகையோடு சொல்ல எத்தனை பெரிய மனம் வேண்டும்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோலை ஊன்றி எழுந்தேன்.

"நானா சொல்றாரு: எடுத்தேன்மா. முழுசும் எடுத்தேன். குமாசியில இருக்குற என் மாடி வீட்டை வித்து ரோடு போட்டுத் தரேன். முடியுற வரைக்கும் நானே கல்லு சுமப்பேன்."

எசியின் மீன் தட்டு தரையில் விழுந்தது. அமைச்சர் வாயைத் திறந்தார்.

"உஷ்! நானா, சபை!" என்று பெரியவர்கள் அதட்டினார்கள்.

மூடிக்கொண்டார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

பதினான்கு மாதத்தில் சாலை வந்தது. எசியின் தட்டில் இப்போது மீன் வாலாட்டிக்கொண்டே ஊருக்குள் வருகிறது. குடையின் கீழ் கல் சுமந்த அமைச்சரை என் கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தனை அடக்கம்.

என் இடது காது ஏழு வயதிலிருந்தே கேட்காது.