வள்ளியூர் நிபுணர்

கண்ணுக்குத் தெரியாத துகளை ஆராய்கிற துறைக்குத் தலைவர் என்பதாலோ என்னவோ, முனைவர் ஜெபசீலனின் அறையில் மற்றதெல்லாம் பெரிதாக இருக்கும். மேசை பெரிது, நாற்காலி பெரிது, அமைச்சரோடு அவர் நிற்கிற படம் அதைவிடப் பெரிது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், நானோ துறை என்றாலே தான்தான் என்று பதினைந்து வருஷமாக நிம்மதியாக இருந்தவர்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் முத்துராணி. முக்கூடல்காரி, அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்த பிள்ளை. உதவிப் பேராசிரியராக வந்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. ரைஸ்மில்லில் மலையாகக் குவிந்து கிடக்கும் உமியை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து நானோ சிலிக்கா எடுத்து, அது சாயத்தண்ணீரைத் தெளிய வைக்கும் என்று காட்டிவிட்டாள். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். மறுநாள் வெளியான படத்தில் ஜெபசீலனின் வலது தோள்பட்டை மட்டும் இருந்தது.

கல்லூரியில் உயர்பொருள் ஆய்வு மையம் ஒன்று வருகிறது. இயக்குநர் பதவி ஒன்றே ஒன்று. வருஷ முடிவுக்குள் பத்துக் கட்டுரை வெளியிடுகிறவருக்கே அது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஜெபசீலனுக்கு ஒன்பது, முத்துராணிக்கும் ஒன்பது.

தன்னுடைய ஒன்பதில் ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை, வாசித்ததும் இல்லை. எழுதுவது ஆய்வு மாணவி ஜெமிமா. பெயர் போட்டுக்கொள்வது தலைவர். துறையில் அதுதான் முறை. பத்தாவதற்கு என்ன செய்யலாம் என்று ஜெமிமா கேட்டபோது, முத்துராணி உமியில் என்ன செய்கிறாளோ அதையே நீயும் செய், நவம்பர் கடைசியில் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அனுப்பியபின் நடக்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ள வள்ளியூர் நிபுணர் இருந்தார். ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள், அதை மதிப்பிடத் தகுந்த மூன்று பேரைத் தாங்களே சொல்ல வேண்டும். ஜெபசீலன் ஜெமிமாவிடம் கொடுத்திருந்த முதல் பெயர், முனைவர் பொன்னுத்துரை, வள்ளியூர். பொன்னுத்துரை என்பவர் ஜெபசீலனின் மாமனார். உரக்கடை வைத்திருந்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமானவர். முனைவரானது அதற்குப் பிறகுதான். அவர் பெயரில் ஒரு மெயில் திறந்து, தன் கட்டுரைகளைத் தானே புகழ்ந்து அனுப்பிக்கொண்டிருந்தார் மருமகன். ஜெமிமாவுக்கு இது தெரியாது. பொன்னுத்துரை இரண்டே நாளில் பதில் போடுவதால் இதழ்க்காரர்களுக்கு அவர்மேல் தனி மரியாதை; அடுத்தவர்களின் கட்டுரைகளும் அவருக்கு வர ஆரம்பித்தன.

நவம்பர் முதல் வாரம் அவருக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் அனுப்புவார்கள். விஷயம், உமிச் சாம்பல். ஜெமிமா இன்னும் அனுப்பியிருக்க மாட்டாள்; அப்படியானால் இது முத்துராணியேதான். ஜெபசீலன் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நானோ கட்டுரையைக் கடைசிவரை வாசித்தார். ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்கள் பளிச்சென்று இருந்தன. எங்கேயாவது ஒரு பிழை அகப்படாதா என்று திரும்பவும் தேடினார். அகப்படவில்லை.

‘யாரோ மாணவர் எழுதியது போல, அடிப்படையே தெரியாத முயற்சி. வெளியிடத் தகுதியற்றது. வழிகாட்டி என்று ஒருவர் இருந்தால், அவர் இதை ஒருமுறைகூட வாசித்ததாகத் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினார். அந்தக் கடைசி வரி தனக்கே இவ்வளவு நன்றாக வந்ததில் அவருக்குப் பெருமை. அன்று மத்தியானம் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

பத்து நாள் கழித்து ஜெமிமா சிவந்த கண்ணோடு அறைக்குள் வந்தாள். பின்னாலேயே முத்துராணி. முத்துராணி மேடம் வரிவரியாகத் திருத்திக் கொடுத்ததால் கட்டுரை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். சாருக்கு வேலை வைக்கக் கூடாது என்று மாதம் பிறந்ததுமே அனுப்பிவிட்டாளாம். இப்போது திரும்பி வந்துவிட்டது. அதே இதழ் முத்துராணியின் கட்டுரையைக் காலையில்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முத்துராணி ஜெமிமாவின் போனை வாங்கி, மதிப்பீட்டின் அந்தக் கடைசி வரியை உரக்க வாசித்தாள். ஜெபசீலன் மேசையின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனசுல வச்சுக்கிடாதீங்க சார். உங்களைப் போயி வாசிக்கலன்னு எழுதுதான் பாருங்க. ஒண்ணுந் தெரியாத பய” என்றாள் முத்துராணி.

“ஆமா, ஒண்ணுந் தெரியாத பயதான்” என்றார் ஜெபசீலன்.

இது பொன்னுத்துரை சாராக இருக்கவே முடியாது, அவுக தங்கமான மனுஷன், அவுகளுக்கே இன்னொரு தடவை அனுப்பச் சொல்லி இதழுக்கு முறையிடலாம் என்றாள் ஜெமிமா. வேண்டாம் என்று அவர் சொன்ன சத்தத்தில் பக்கத்து லேபிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஜனவரியில் முத்துராணி இயக்குநரானாள். வாழ்த்து சொல்லப் போன ஜெபசீலன், திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்க எப்படியும் தன்னைத்தான் அழைப்பாள் என்று சட்டைகூடத் தைக்கக் கொடுத்திருந்தார். அவளோ அவரை உட்காரவைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஆண்டின் சிறந்த மதிப்பீட்டாளர் என்று இதழ் அறிவித்திருந்தது, வள்ளியூர் பொன்னுத்துரையை.

“இங்கன பக்கத்துலயே இப்படி ஒரு ஆளு இருக்காவளே சார். விழாவுக்கு அவுகதான் தலைமை. விலாசம் சொல்லுங்க, நேர்ல போயிக் கூப்பிட்டுட்டு வாரேன்.”

“அவரு ஒண்ணும் அவ்வளவு பெரிய ஆளு இல்ல” என்றார் ஜெபசீலன். சொன்ன வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

முத்துராணி சிரித்தாள். மூத்தவர்களைப் பார்த்து நாமே இப்படிச் சொல்லலாமா என்றாள். விலாசத்தை எழுத பேனாவும் எடுத்துவிட்டாள்.

“இறந்துட்டாரும்மா.”

“ஐயோ, எப்ப சார்?”

பன்னிரண்டு வருஷம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “போன வாரம்” என்றார்.

அவள் பைய எழுந்து, புதுக் கட்டடத்தின் வரைபடத்தை மேசையில் விரித்தாள். நடுவில் இருந்த பெரிய அரங்குக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்கு என்ன பெயர் பொருத்தம் என்று ஜெபசீலன் மூன்று மாதமாக நிர்வாகத்தாரிடம் ஜாடைமாடையாகச் சொல்லி வந்தார்.

“அவுக பேரையே வச்சிருவோம் சார்” என்று முத்துராணி அந்தக் கட்டத்துக்குள் எழுதினாள், முனைவர் பொன்னுத்துரை அரங்கம் என்று.

உரக்கடைக்காரருக்கு வந்த வாழ்வைப் பார்த்து ஜெபசீலனுக்கு வயிறு எரிந்தது. பெயர்ப்பலகையில் எழுத்தாவது சின்னதாக இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தார்.