நெட்டையும் குட்டையுமாய் ஒரு ரை வயல்

வெள்ளை வேன் இந்த வருடமும் நிற்காது. வீப்கேவுக்கு அந்தப் பயம்தான்.

“போனா போ” என்று அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்குக் கிளம்பிப் போனவன் ஹென்னிங். விதைக் கம்பெனியில் வேலை. ஜூன் மாதம் ரை என்ற தானியப் பயிர் பூக்கும்போது, ஜெர்மனியின் லூனபுர்க் பக்கத்து வயல்களைப் பார்வையிட அந்த வேனில் வருவான். ஐந்து வருடமாக அவள் வயலை மட்டும் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துவிடுகிறான்.

குறை சொல்ல அங்கே என்ன இருந்தது? வசந்தத்தில் விதைத்த ஹைப்ரிட் ரை, இடுப்புயரத்துக்குச் சீவிவிட்ட தலை மாதிரி நிற்கும். அவன் கற்றுக்கொடுத்த விவசாயம்!

இந்த மார்ச்சில் சாலையோரத் துண்டில் மட்டும் புது விதைக்குப் பதில், போன வருட அறுவடைத் தானியத்தை விதைத்தாள். பக்கத்து வயல் ஓர்ட்ரூட் டிராக்டரிலிருந்தே கத்தினாள்.

“அடியே, ஹைப்ரிட்ல விளைஞ்சதையா திருப்பி விதைக்கிற? ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டைன்னு வருமே! ஊரே சிரிக்கும்டி!”

“ஊர் சிரிக்கட்டும். ஒருத்தனுக்குக் கோபம் வந்தாப் போதும்.”

ஜூன் வந்தது. காற்றடித்தபோது மகரந்தம் மஞ்சள் புகையாய் எழுந்தது. சாலையோரத்தில் சில கதிர்கள் தோளுயரம், சில முட்டியளவு.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. கடந்தது.

அவ்வளவுதானா? வயலோரம் காத்து நின்றவள் காபி பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்தாள்.

கிறீச்! பிரேக். வேன் பின்னோக்கி வந்தது.

ஹென்னிங் இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது. வணக்கம்கூட இல்லை. நெட்டையில் ஒன்று, குட்டையில் ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தான்.

“என்ன கண்றாவி இது? எடுத்து வச்ச தானியமா? பதினோரு வருஷம் என்கூட இருந்துட்டு இதக்கூட மறந்துட்டியா வீப்கே?”

“மறக்கல.”

திரும்பிப் பார்த்தான். சரியாகச் சாலையை ஒட்டி, விதைக்கும் இயந்திரத்தின் அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை. அதற்கப்பால் வயல் அப்பழுக்கில்லாமல் நின்றது.

“வேணும்னே செஞ்சியா?”

“நல்ல வயலுக்குத்தான் நீ நிக்கவே மாட்டியே.”

கையிலிருந்த கதிர்களையே பார்த்தான். சட்டைக் கையெல்லாம் மஞ்சள்.

“இத இப்பவே தீவனத்துக்கு அறுத்துடு. பார்க்கச் சகிக்கல.”

“மிஷின் ரிப்பேர்.”

“பொய்.”

“ஆமா.”

வேனை நோக்கி நடந்தான். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து உள்ளே கைவிட்டான். வீப்கே கண்களை மூடிக்கொண்டாள்.

இன்ஜின் நின்றது.